ரெங்கம் அலங்காரச் சபையும் எங்கள் வால் நட்சத்திரமும்

எங்கள் குடும்பத்தார் யாரிடமும் அனுமதி கேட்டு நட்சத்திரம் ஏற்றியவர்கள் அல்லர். ஜொகூரில் எங்கள் ரெங்கத்து மாதா கோயில் வெறும் அத்தாப்பு ஓலைக் கொட்டகையாக இருந்த காலத்தில், என் தகப்பனார் ஸ்டானிஸ்லாஸ் மூங்கிலை வளைத்துக் கட்டி, சீனன் கடை மெழுகுத்தாளை ஒட்டி, முதல் வால் நட்சத்திரத்தை அதன் உச்சியில் ஏற்றினார். பிறகு கொட்டகைக்குத் தகரம் போட்டார்கள், சுவர் எழுப்பினார்கள், சாமியார்கள் மாறினார்கள். நட்சத்திரத்தை ஏற்றும் கை மட்டும் எங்கள் வீட்டுக் கையாகவே இருந்து வருகிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை பெருமையாக அமைந்துவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தோமஸ் சித்திரசாலை எங்களுடையது. கடைப் பலகை எழுதுவோம், கல்யாணப் பந்தலுக்கு வளைவு செய்வோம். பண்டிகைக் காலம் வந்தால் வேறு எந்த வேலையையும் தொடமாட்டோம். தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாள் எங்களிடம் வந்தால் வெள்ளி ஆகும். பால் டின் மூடி மணி ஆகும். தோட்டத்தில் காலில் மிதிபடும் ரப்பர் கொட்டையை எண்ணெய் பூசித் துடைத்துக் கோர்த்தால், பார்த்தவர்கள் என்ன மணி என்று கேட்பார்கள். பாலன் பிறப்புக் குடிலுக்குக் கூரை லாலான் புல். குடிலில் படுத்திருக்கும் ஆடுகள் என் மனைவி செசிலியாவின் கைவேலை. ரப்பர் ஆலையில் கழித்துப் போட்ட கிரேப் ரப்பர் துண்டுகளைச் சுருட்டிச் செய்தவை. வெள்ளைக்காரர்களே அவற்றைத் தொட்டுப் பார்த்து, கம்பளி இல்லையா என்று ஏமாந்திருக்கிறார்கள்.

இப்படி நாங்கள் மரியாதையாக இருந்த ஊரில்தான், "ரெங்கம் வட்டாரப் பண்டிகைக்கால அலங்கார மேற்பார்வைச் சபை" தோன்றியது.

அது தோன்றிய காரணம் இது. பக்கத்து ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் மோட்டார் காரிலிருந்து இறங்கும்போது, பண்டிகைக் காலத்தில் ஊர் சற்று மங்கலாக இருக்கிறது என்று சொன்னாராம். அவர் கண்ணாடி மாற்ற வேண்டிய வயதில் இருந்தார். ஆனால் அந்தத் தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் வைத்தியலிங்கம் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். அவரே தலைவரானார். அவருக்குக் கீழே வேலை பார்த்த சின்னக் கிராணி சதாசிவம் செயலாளரானார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் கனகசுந்தரம் உப குழுக்களுக்குத் தலைவரானார். பண்டிகை கொண்டாடுகிறவர்களைச் சபையில் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால், அந்தந்தப் பண்டிகைக்கு அதைக் கொண்டாடாதவர்களே மேற்பார்வை செய்வது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட்டார்கள். தீபாவளி மட்டும் விலக்கு. ஏனென்றால் மூவருமே அதைக் கொண்டாடுகிறவர்கள். வேறு ஆள் இல்லை.

அந்தத் தீபாவளிக்குச் சபையார் வீடு வீடாக விளக்குப் பார்க்கப் போனார்கள். மாலைக்குப் பிறகு அலுவல் நேரம் இல்லையாதலால் உச்சி வெயிலில் போனார்கள். ஊரே நடுப்பகலில் விளக்கேற்றி வைத்து வாசலில் நின்றது. "வெளிச்சம் போதாது" என்று எல்லா வீட்டுக்கும் ஒரே முடிவு எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு எங்கள் முறை வந்தது. கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குச் சபையின் அத்தாட்சி வேண்டும் என்றும், அத்தாட்சி கிடைக்காவிட்டால் சிங்கப்பூரிலிருந்து சபை வரவழைத்திருக்கும் கடை நட்சத்திரமே கோயில் உச்சியில் ஏறும் என்றும், அதன் பிறகு வருடா வருடம் அந்த உரிமை சபைக்கே என்றும் சொல்லி அனுப்பினார்கள். சாமியார் பூசை வைக்கக் குளுவாங் ஊரிலும் அப்பாலும் சுற்றிக்கொண்டிருந்தார், பெருநாளுக்குத்தான் வருவார். அவரிடம் முறையிட வழியில்லை.

"கடை நட்சத்திரமா?" என்றாள் செசிலியா. "அலமாக்! மாமா இருந்திருந்தா அந்தக் கம்பத்தை ஒடிச்சே போட்டிருப்பாரு."

"நான் கம்பத்தை ஒடிக்க மாட்டேன். அத்தாட்சி வாங்குவேன். வாங்கி, நம்ம நட்சத்திரத்தை ஏத்துவேன்."

"அவங்க குடுக்கவா வராங்க?"

"நம்ம வேலையில குறை கண்டுபிடிக்கட்டும், பார்ப்போம்."

அவர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

சபையார் முதலில் சித்திரசாலைக்கு வந்தார்கள். முன்னால் குடையோடு தலைவர், அவருக்கு ஓர் அடி பின்னால் சதாசிவம், கடைசியில் கனகசுந்தரம். வாசல் குறுகலானது. தலைவருக்கு முன்னால் குடை நுழைவதா, குடைக்கு முன்னால் தலைவர் நுழைவதா என்று சிறிது நேரம் ஆலோசித்தார்கள். நட்சத்திரம் மேசையில் கிடந்தது. மேல்நாட்டு ராணி வந்தாலும் அதைக் காட்ட எனக்குக் கூச்சம் இல்லை, அவ்வளவு நேர்த்தி.

"இஞ்ச பாரும் தோமஸ்," என்றார் வைத்தியலிங்கம். "நட்சத்திரம் வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இந்த வால் என்னத்துக்கு, காணும்?"

"வழி காட்டுறதுக்குங்க. ராஜாக்களுக்கு."

"எந்தப் பக்கம் காட்டும்?"

"வலப்பக்கம் சாஞ்சிருக்கும்."

கனகசுந்தரம் ஜன்னல் வழியாக எட்டிக் கோயிலைப் பார்த்தார். முகம் மாறியது. "ஐயா, வலப்பக்கம் கள்ளுக்கடை எல்லோ!"

"கள்ளுக்கடைக்கு வழி காட்டுறீரோ?" என்றார் தலைவர்.

"அந்த வழி இந்த ஊருல யாருக்கும் காட்ட வேண்டியதில்லீங்க," என்று உள்ளேயிருந்து செசிலியா சொன்னாள்.

வால் உப குழு அங்கேயே கூடியது. இடப்பக்கம் திருப்பினால் வால் போலீஸ் நிலையத்தைக் காட்டும். பொதுமக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். மேலே திருப்பினால் ஆகாயத்தைக் காட்டும். அது சபையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நேர் கீழே திருப்பினால் கோயில் வாசலைக் காட்டும். ஒரு மதத்தின் கோயிலை மட்டும் சுட்டுவது நடுநிலை ஆகாது என்றார் கனகசுந்தரம். அது அந்தக் கோயிலின் நட்சத்திரம்தான் என்று நான் நினைவூட்டினேன். அதைக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில், பண்டிகை முடியும்வரை வால் எந்தத் திசையையும் "குறிப்பாகக் காட்டாமல்" இருக்க வேண்டும் என்று தலைவர் முன்மொழிந்தார்.

"ஆமோதிக்கிறன்," என்றார் சதாசிவம்.

இந்தச் சதாசிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் இருமினாலும் ஆமோதிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. கெட்ட மனிதர் அல்ல. வேறு பேச்சு அவருக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த முறை குடிலைப் பார்க்கக் கோயிலுக்கே வந்தார்கள். கனகசுந்தரம் ஓர் ஆட்டைத் தூக்கிப் பார்த்தார், முகர்ந்தார், இழுத்து விட்டார். அது சுருண்டு பழையபடி ஆனது.

"ஐயா, இது ரப்பர்!"

ரப்பர் கட்டுப்பாடு வந்த காலம் அது. உரிமம் இல்லாதவன் கையில் ரப்பர் இருந்தால் குற்றம். தலைவர் இரண்டு அடி பின்வாங்கினார். குடையும் அவரோடு பின்வாங்கியது.

"உம்மட்ட லைசென்ஸ் இருக்கோ?"

"ஆட்டுக்கா?" என்றேன்.

"ரப்பருக்கு."

"ஐயா, குப்பையில கழிச்சுப் போட்ட துண்டுங்க அது," என்றாள் செசிலியா. "இப்ப ஆடு. ஆடுன்னே எழுதிக்குங்களேன்."

தலைவர் யோசித்தார். "ஆடு எண்டு எழுதினால் கால்நடை வைத்தியரின்ர கடிதம் வேணும். நோய் இல்லை எண்டு."

"வேணும்னா நாக்கை நீட்டச் சொல்லுறேன்."

நான் அவளைப் பார்வையால் அடக்கினேன். முடிவில் ஆடுகள் ரப்பரும் அல்ல, ஆடும் அல்ல, "அலங்காரத் துணைப் பொருள்கள்" என்று பதிவாயின. பிறகு மூன்று ராஜாக்களிடம் வந்தார்கள். ஜொகூருக்கு ஒரு சுல்தான் இருக்கையில் மூன்று ராஜாக்கள் முன்னறிவிப்பின்றி மாட்டுக் கொட்டிலில் மண்டியிட்டிருப்பதைத் தலைவரால் தாங்க முடியவில்லை. அரண்மனைக்குத் தெரிந்தால் தம் உத்தியோகம் என்னாகும் என்றார். ஆகவே அவர்கள் கழுத்தில் "வெளியூர்ப் பிரமுகர்" என்று ஆளுக்கொரு அட்டை தொங்கவிட உத்தரவாயிற்று. அட்டையை நான்தான் எழுதினேன். எழுதுவது என்று வந்தபின் நன்றாகத்தான் எழுதினேன்.

இதையெல்லாம் பொறுத்தேன். ஏற வேண்டியது நட்சத்திரம். அதற்காக ராஜாக்கள் அட்டை சுமக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் தலைவர் குடிலுக்குள் இருந்த தீவனத் தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"தொட்டி வெறுமையாய் இருக்கு."

"ஆமாங்க."

"பிள்ளை எங்க?"

"பெட்டியில இருக்குங்க. எங்க வீட்டுல."

"என்ன காணும் இது! மாடு வந்திட்டுது, கழுதை வந்திட்டுது, வெளியூர்ப் பிரமுகர் மூண்டு பேரும் வந்திட்டினம். முக்கியமானவர் வரேல்லையே! ஏன் வரேல்லை எண்டதுக்கு விளக்கம் தாரும்."

"இன்னும் பிறக்கலீங்க," என்றேன்.

பாலன் சுரூபத்தை இருபத்து நான்காம் தேதி நடுச்சாமப் பூசையில்தான் தொட்டியில் கிடத்துவோம். அதுவரை அது வெறுமையாகத்தான் இருக்கும். கிடத்திய உடனே எங்கள் வீட்டார் கோயில் மணியை அடிப்போம். உலகம் முழுக்க இதுதான் முறை என்று விளக்கினேன். என் தகப்பனாரின் பெயரையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

"துரை இருபதாம் தேதி பின்னேரம் பார்வையிட வாறார்," என்றார் வைத்தியலிங்கம். "வெறும் தொட்டியைக் காட்டி, 'ஆள் பிறகு வருவார்' எண்டு சொல்லேலுமோ? இருபத்து நாலுக்கு அவர் சிங்கப்பூரில் நிற்பார். அப்ப நாங்கள்தான் நேரத்தை மாத்த வேணும். ரெங்கம் வட்டாரத்தைப் பொறுத்தமட்டில், பிறப்பை இருபதாம் தேதி பின்னேரத்துக்கு முன்தள்ள நான் முன்மொழியிறன்."

"ஆமோதிக்கிறன்."

"ஐயா, அது உங்க கையில இல்லை," என்றேன்.

"ஏன் இல்லை? போன கிழமை தோட்டத்தில காலமை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு நேரத்தையே நான் அரை மணித்தியாலம் மாத்தினனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் பகிர்வது போலச் சொன்னார்: "தோமஸ், உமக்கு நிர்வாகம் விளங்காது. பண்டிகை எண்டது சனத்துக்காக இல்லை. பார்வையிட வாறவருக்காக."

நான் எங்கள் பாலனைத் தர மாட்டேன் என்றேன். தராவிட்டால் அத்தாட்சி இல்லை, நட்சத்திரம் இல்லை என்றார். எங்கள் தகப்பனார் கொல்லம் பக்கமிருந்து எடுத்து வந்த சுரூபம் அது. பிறக்காத நாளில் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதா? நட்சத்திரத்தைக் கொடுத்துப் பாலனைக் காப்பதா? குனிந்து பழகாத முதுகு எனக்கு. அன்று இரண்டு பக்கமும் வலித்தது.

சபைக்கு வேறு வழி இருந்தது. சிங்கப்பூரிலிருந்து கடை நட்சத்திரத்தோடு ஒரு பொம்மையும் வந்திருந்தது. அதைக் கிடத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். நான் தடுக்காமல் இருந்தால் போதும், பார்வை முடிந்ததும் அத்தாட்சி என்றார்கள்.

"நான் பொம்மையைத் தொட மாட்டேன்," என்றேன். "ஆனா ஒண்ணு கேக்குறேன். கிடத்தினா மணி அடிக்கணும். அது எங்க வீட்டு முறை. அடிக்கவா, வேண்டாமா?"

தலைவர் முகம் மலர்ந்தது. முதன்முதலாக நான் ஒத்துழைக்கிறேன் அல்லவா? "அடியும்! பலமாய் அடியும்! துரைக்குக் கேக்க வேணும்."

"ஆமோதிக்கிறன்."

இருபதாம் தேதி பிற்பகல் துரை வந்தார். வைத்தியலிங்கம் பொம்மையோடு முன்னால் நின்றார். பொம்மைக்கு நீலக் கண். சாய்த்தால் மூடும், நிமிர்த்தினால் திறக்கும். அளவில் அது குடிலில் இருந்த சூசையப்பரைவிடப் பெரியது, மாட்டுக்குச் சமம். தொட்டியில் படுக்க வைத்தால் கண் மூடிக்கொண்டது. துரை வந்திருக்கையில் தூங்குவது மரியாதை அல்ல என்று தலைவர் அதை உட்கார வைத்தார். கால் இரண்டும் ஒரு பிரமுகரின் மடியில் இருந்தன.

பிறகு தலைவர் பேசினார். ஆங்கிலத்தில் துரைக்காகவும், தமிழில் எங்களுக்காகவும். தமிழில் சொன்னது: "இவ்வளவு காலமும் இந்தப் பிறப்பு ஒரு மேற்பார்வையும் இல்லாமல் நடந்து வந்தது. நடுச்சாமத்தில, மாட்டுக் கொட்டிலில, ஒரு அதிகாரியும் பக்கத்தில இல்லாமல்! இந்த வருஷம்தான் முதல் முறையாய் அலுவல் நேரத்தில, உரிய தலைமையின் கீழ் நடக்குது."

துரை எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்து பொம்மையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி, "மெர்ரி கிறிஸ்துமஸ்!" என்றார்.

நான் மணியை அடித்தேன். பலமாகவே அடித்தேன். சொன்னதை அரைகுறையாகச் செய்வது எங்கள் குடும்பத்தில் இல்லை.

மணிச் சத்தம் ரப்பர் மரங்களைத் தாண்டித் தொழிலாளர் லயங்கள் வரை போனது. கொஞ்ச நேரத்தில் கங்காணி வேலு மூச்சு வாங்க ஓடி வந்தான். பின்னால் ஒரு கூட்டம்.

"என்னாங்கய்யா, மணி அடிக்குது? பொறந்திருச்சா?"

"சபை அப்படித்தான் தீர்மானிச்சிருக்கு, வேலு."

"தொரையும் இருந்தாரா?"

"மெர்ரி கிறிஸ்துமஸ்ன்னு அவரே சொன்னாரு."

வேலு தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான். அவன் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் துரையின் பண்டிகை என்பதால் கிறிஸ்துமஸ் என்றால் தோட்டத்துக்கே விடுமுறை என்பது அவனுக்குத் தெரியும். "அப்ப நாளைக்குப் பெரட்டு இல்லை," என்றான்.

"அதை நான் சொல்ல முடியாது. நான் மணி அடிக்கிறவன்."

மறுநாள் தோட்டத்தில் ஒரு மரத்திலும் கத்தி படவில்லை. பெரட்டுக் களத்தில் இரண்டு நாய்கள் மட்டும் ஆஜர். லயங்களில் பலகாரம் சுடும் வாசனை. ஆள் அழைக்கப் போனவனையும் உட்கார வைத்து முறுக்குக் கொடுத்தார்கள். கள்ளுக்கடை காலையிலேயே நிரம்பியது. வால் காட்டாமலேயே எல்லாரும் வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

துரை சபையை அழைத்தார். உள்ளே நடந்ததை ஆபீஸ் வேலையாள் செல்லப்பன் எனக்குச் சொன்னான். துரை மேசையைக் குத்தி, "இது சுத்த முட்டாள்தனம்!" என்று கத்தினாராம். பழக்க தோஷத்தில் சதாசிவம், "ஆமோதிக்கிறன்" என்றாராம். இருபத்தைந்தாம் தேதிக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் இன்னொரு முறை எவரும் பிறந்தால் மூவருக்கும் வேலை இல்லை என்று எச்சரித்துத் துரை அனுப்பிவிட்டார்.

அன்று மாலை வைத்தியலிங்கம் தனியாக என் சித்திரசாலைக்கு வந்தார். குடை இல்லை. ஆகவே வாசலில் ஆலோசனையும் இல்லை.

"தோமஸ், பிள்ளையை எடுத்துப்போடும்."

"எந்தப் பிள்ளையை?"

"தொட்டியில இருக்கிற பிள்ளையைத்தான் காணும்! சபை அவசரமாய்க் கூடி, இருபதாம் தேதி ஒரு பிறப்பும் நடக்கேல்லை எண்டு தீர்மானிச்சிருக்கு."

"பிறந்ததை எடுக்கிற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க. யாரு உட்கார வச்சாரோ அவரே எடுக்கட்டும்."

"சனம் பாக்குமே!"

"அன்னிக்கும் பார்த்தாங்க," என்றாள் செசிலியா. "கைதட்டினாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவராக அல்லாமல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. சற்று இரக்கமாகக்கூட இருந்தது. ஆனால் நட்சத்திரம் மேசையில் கிடந்தது. வால் இன்னும் எந்தத் திசையையும் காட்டவில்லை.

"அத்தாட்சி?" என்றேன்.

"தாறன்."

"நட்சத்திரம்?"

"நீரே ஏத்தும்."

"வால்?"

அவர் பெருமூச்சு விட்டார். "உமக்குப் பிடிச்ச பக்கம்."

பிறகு கோயிலுக்குப் போய், லயத்துக் கிழவிகளும் பிள்ளைகளும் கூட்டமாக நின்று பார்க்க, பெரிய கிராணியார் தம் கையாலேயே பொம்மையைத் தூக்கினார். அக்குளில் இடுக்கியபோது அது நிமிர்ந்து, கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தது. வேலு பயபக்தியோடு கும்பிட்டான்.

அத்தாட்சியைச் சதாசிவம் கொண்டு வந்து கொடுத்தார். கெட்டியான நல்ல தாள், சிவப்பு முத்திரை. துரை கேட்டுக்கொண்டபடி எழுதியிருந்தார்கள்: "மேற்படி குடிலின் தீவனத் தொட்டியைச் சபை நேரில் சோதித்து, அதில் எவரும் இல்லை என்றும், இல்லாதிருப்பதே முறை என்றும் கண்டு திருப்தியடைந்து அத்தாட்சி அளிக்கிறது."

"சரியா இருக்கா?" என்றேன்.

சதாசிவம் சுற்றிலும் பார்த்தார். தலைவர் அருகில் இல்லை. "நீங்கள் முதல்லேயே சொன்னதுதானே இது," என்றார் மெதுவாக. அவருக்கு வேறு பேச்சும் இருந்தது.

இருபத்து நான்காம் தேதி மாலை நான் நட்சத்திரத்தை ஏற்றினேன். வால் என் தகப்பனார் வைத்தது போல் வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. அதன் வழியில் கள்ளுக்கடை இருக்கிறது என்றால், கோயிலுக்கு வராதவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நட்சத்திரம் அவர்களுக்கும்தான் என்று பெருநாளுக்கு வந்த சாமியாரே சொல்லிவிட்டார். பூசையில் எங்கள் பாலன் பெட்டியிலிருந்து எழுந்து தொட்டிக்கு வந்தார். மணி அடித்தேன். மறுநாளும் தோட்டத்துக்கு விடுமுறை. "போனது சபைப் பெருநாளு, இது சாமிப் பெருநாளு," என்று வேலு கணக்குத் தீர்த்துக்கொண்டான்.

அத்தாட்சியை நான் கண்ணாடி போட்டு மாட்டுவதாக இருந்தேன். செசிலியா விடவில்லை. அவ்வளவு கெட்டியான தாள் ஊரில் கிடைக்காது என்றாள். மறு வருடம் குடிலில் நின்ற கழுதையைப் பார்க்க வந்த எல்லாரும், காது இரண்டும் எவ்வளவு விறைப்பாக நிற்கின்றன என்று மெச்சினார்கள். வலது காதின் உட்பக்கத்தில் சிவப்பு முத்திரை கொஞ்சம் தெரிந்தது. அதை மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.